மறுமொழி: பேட்ஸ்மேன், பேட்டர் – விதிநூல் தமிழில் எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இந்த இழையைத் தொடங்கி வைத்துவிட்டு நானே காணாமல் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் நடக்கும் கிரிக்கெட் நடுவர் தேர்வுக்கு வினாத்தாளைத் தமிழில் ஆக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நேற்றுதான் முடிந்தது. அதில் பட்ட பாட்டை வைத்தே இதை எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி. கிரிக்கெட் விதிகளை எழுதும் பொறுப்பு லண்டன் எம்.சி.சி.யிடம் (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) இருக்கிறது. 2017 விதித்தொகுப்பில் பெண்பாலையும் சேர்த்தே எழுதினார்கள், ஆனால் ‘பேட்ஸ்மேன்’ என்ற சொல்லை மட்டும் விடவில்லை. 2021 செப்டம்பர் 22-ஆம் தேதி அதுவும் ‘பேட்டர்’ ஆனது. பவுலர், ஃபீல்டர் என்று ஏற்கெனவே இருக்கும் வரிசையில் இது இயல்பாகப் பொருந்தும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இதை மனத்தில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

> வீரர் என்பது பலர்பால் விகுதி பெற்ற சொல். இருபாலுக்கும் பொது. பிறகு என்ன சிக்கல்?

இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. ‘ஒருவர்’ என்ற பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது, பன்மை வினையை ஏற்கும் என்று தொல்காப்பியப் பெயரியலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அவன், அவள் இரண்டையும் நடுவில் சாய்கோடு போட்டு எழுதும் இடமெல்லாம் நமக்கு ‘அவர்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

வழக்கு அப்படி இல்லை. 2013 மகளிர் உலகக் கோப்பையில் சென்னையின் திருஷ்காமினி மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 ஓட்டம் எடுத்தார். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் அவர். அவரை ‘வீரர்’ என்று எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பிப் பாருங்கள், மெய்ப்புப் பார்ப்பவர் ‘வீராங்கனை’ என்று திருத்தியிருப்பார். அந்தத் திருத்தம் நடக்கிற வரைக்கும் ‘வீரர்’ என்றால் ஆண்தான், விகுதி என்ன சொன்னாலும்.

நான் கவனித்தது இதைத்தான். ஒரு சொல்லுக்குப் பெண்பால் இணை வந்துவிட்டால், பொதுவாக இருந்த சொல் மெல்ல ஆண் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நடிகை வந்தபின் நடிகர், மாணவி வந்தபின் மாணவர். மருத்துவர் தப்பித்துக்கொண்டார், ஏனென்றால் மருத்துவச்சி என்ற சொல் பிரசவம் பார்க்கும் பாட்டியோடு போய்விட்டது. நடுவரும் தப்பித்தார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதன்முறையாகப் பெண்கள் நடுவர்களாக நின்றார்கள், நம் ஜனனி நாராயணனும் அவர்களில் ஒருவர். செய்திகளில் ‘பெண் நடுவர்’ என்று அடைமொழி போட்டார்களே தவிர, ‘நடுவி’ என்று ஒரு சொல்லை யாரும் கிளப்பவில்லை. நல்லவேளை.

ஆகவே இணை இல்லாத சொல்லாகத் தேடுவோம் என்பது என் கட்சி. ‘மட்டைக்காரர்’ என்றால் மறுநாளே ‘மட்டைக்காரி’ வந்து நிற்கும், அதன் தொனியும் நன்றாக இல்லை. ‘அடிப்பவர்’ விதி வாக்கியத்துக்குள் நன்றாக ஓடுகிறது, ஆனால் அதில் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடித்து முடித்து ஓடிக்கொண்டிருப்பவரை அடிப்பவர் என்பதா, அடித்தவர் என்பதா? பந்தையே தொடாமல் விட்டவரை என்ன சொல்வது? கலைச்சொல் இப்படி வாக்கியத்துக்கு வாக்கியம் உரு மாறினால் தேர்வு எழுதுபவர் குழம்பிவிடுவார்.

மிஞ்சியது ‘மட்டையாளர்’. எம்.சி.சி. சொன்ன அதே காரணம் இங்கேயும் பொருந்துகிறது பாருங்கள்: பந்துவீச்சாளர், களத்தடுப்பாளர், மட்டையாளர். மூன்றும் ஒரே வார்ப்பு, எதற்கும் பெண் இணை இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இந்தச் சொல் புழங்குகிறது. தென்னை மட்டையைச் சீவி ஆடிய தலைமுறைக்கு விளக்கமும் தேவையில்லை. குடித்துவிட்டு ‘மட்டையானவர்’ நினைவுக்கு வருகிறார் என்று ஒரு நண்பர் தனிமடலில் சிரித்திருந்தார். வரட்டும், நாலு நாள் சிரித்தால் பழகிவிடும்.

> முன்பக்கத்தில் ‘ஆண்பாலில் சொன்னவை பெண்ணுக்கும் பொருந்தும்’ என்று ஒரு குறிப்புப் போட்டால் போதாதா?

கூடைப்பந்து விதிநூலில் நெடுங்காலம் அப்படித்தான் போட்டிருந்தார்கள், நடைமுறை வசதிக்காக மட்டுமே என்ற சமாதானத்தோடு. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. ‘அவர்’ கையில் இருக்கும்போது நாம் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஆனால் அந்த ‘அவர்’தான் என்னை வகுப்பில் மாட்டிவிட்டது. நான் எழுதிய வினா இது: ‘அடித்த பந்து பந்துவீச்சாளரின் விரலில் உரசிப் போய் எதிர்முனை ஸ்டம்பில் பட்டு பெயில் விழுகிறது. அப்போது அவர் கிரீஸுக்கு வெளியே நிற்கிறார். தீர்ப்பு என்ன?’ பயிற்சிக்கு வந்த பையன் கையைத் தூக்கினான். “சார், யார் வெளியே நிற்கிறார்? பவுலரா?” வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, வாக்கியப்படி அவன் கேட்டது சரி. வெளியே நிற்பவர் எதிர்முனையில் இருப்பவர் என்றால் ரன் அவுட், ஏனென்றால் பந்துவீச்சாளரின் விரல் பட்டுத்தான் பந்து ஸ்டம்புக்குப் போனது. விரல் படாமல் நேராகப் போயிருந்தால் அவுட் இல்லை. பந்தை அடித்தவர் தன் முனையில் வெளியே நிற்கிறார் என்றால் கதையே வேறு, விழுந்தது அவருடைய விக்கெட் அல்ல. மூன்று பேர் உலவும் வாக்கியத்தில் ‘அவர்’ யாரைச் சுட்டும்?

பால் பிரச்சினையை ‘அவர்’ தீர்க்கும், ஆள் பிரச்சினையைத் தீர்க்காது. அதனால் வினாத்தாள் முழுவதும் ‘அவர்’ வந்த இடங்களில் பெயரையே திரும்ப எழுதினேன்: அடிமுனை மட்டையாளர், எதிர்முனை மட்டையாளர். படிக்கக் கொஞ்சம் கட்டையாக இருக்கிறது. தீர்ப்பு மாறுவதைவிடக் கட்டையாக இருப்பது மேல்.

இன்னொன்று: ‘மட்டையாளர் தன் மட்டையால்’ என்பதா, ‘தம் மட்டையால்’ என்பதா? இலக்கணம் ‘தம்’ கேட்கிறது. இருபது வயதுப் பையன்கள் ‘தம்’ என்று படித்ததும் டீக்கடை வாசலுக்குப் போய்விடுகிறார்கள். ‘தமது’ என்று போட்டுத் தப்பித்தேன்.

---

அன்புள்ள அண்ணா,

நல்லதொரு மடல். ஆனால் யாழ்ப்பாணத்தில் மட்டை என்று சொன்னால் ஒருவரும் துடுப்பாட்டத்தை நினைக்க மாட்டார்கள். எங்களுடைய பத்திரிகைகளில் துடுப்பாட்ட வீரர், துடுப்பாட்ட வீராங்கனை என்றுதான் எழுதுகிறார்கள். உங்கள் ‘ஆளர்’ விகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ‘துடுப்பாளர்’ என்று வைத்தால் இரண்டு கரைக்கும் பொருந்தாதா?

---

தம்பி,

‘துடுப்பாளர்’ என்றதும் இங்கே படகு வலிப்பவர்தான் கண்ணில் வருவார். உங்கள் ஊரில் மட்டை அந்நியம், எங்கள் ஊரில் துடுப்பு அந்நியம், இதில் சண்டை போட ஒன்றுமில்லை. மட்டையாளர், துடுப்பாளர் இரண்டையும் ஒரே பதிவில் இணையாகப் போடுவோம், விகுதி ஒன்றாக இருக்கட்டும். ‘வீரர்’ மட்டும் விதிநூலுக்குள் வேண்டாம், செய்தித்தாளில் இருந்துவிட்டுப் போகட்டும்.

‘ஆட்ட நாயகன்’ பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நாயகர் என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. ஒருவர் ‘ஆட்ட முதல்வர்’ என்று பரிந்துரைத்திருக்கிறார், அதைக் கோட்டையில் யாராவது கேட்டால் வம்பு. விதிநூலில் வராத சொல் என்பதால் அதைத் தனி இழைக்குத் தள்ளுகிறேன். மட்டையாளர், துடுப்பாளர் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.