கேவிஎம் இணக்கச் சோதனை ஆவணம்: டொக்புக்கிலிருந்து ஆர்எஸ்டிக்கு மாத்தினா அட்டவணை குழம்புது

ஹட்டன்_லேப்:
வணக்கம். ஹட்டன்ல ஒரு பயிற்சி நிலையத்துக்காகக் கேட்கிறேன். கேவிஎம் ஹோஸ்ட்ல (லினக்ஸ்ல மெய்நிகர் மெஷின் ஓட்டுற கணினி) எந்த கெஸ்ட் (உள்ளே ஓடுற மெய்நிகர் மெஷின்) பூட் ஆகுது, எதுக்கு லைவ் மைக்ரேஷன் (ஓடும்போதே வேற ஹோஸ்டுக்கு மாத்துறது) சரிவருது என்று சோதிச்சு எழுதின ஆவணம் டொக்புக் 5 என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில இருக்கு. தலைப்பும் குறிப்பும் தமிழ், கட்டளைகள் ஆங்கிலம். பிள்ளைகள் தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வாறாங்க. வீட்டில மொபைல் டேட்டா மட்டும்தான். அதனால நெட் இல்லாமத் திறக்கிற எச்டிஎம்எல்லும், அச்சடிக்க பிடிஎஃப்பும் வேணும். ஆர்எஸ்டி என்ற எளிய எழுத்து வடிவத்திலிருந்து இது ரெண்டையும் ஆக்கித்தாற ஸ்ஃபிங்ஸுக்கு மாறலாம் என்று முடிவு.

ஆவண வடிவம் மாத்துற பான்டாக்ல போட்டா, இணைச்ச கட்டங்கள் உள்ள அட்டவணையில முடிவுகள் இடம் மாறுது. கியூஎமு (கேவிஎம்மோட சேர்ந்து மெய்நிகர் மெஷினை ஓட்டுற மென்பொருள்) பதிப்பு எண்ணுக்கு வச்சிருந்த என்டிட்டி (மதிப்புக்குப் பதிலா எழுதுற எக்ஸ்எம்எல் குறிப்பெயர்) எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. ஆர்எஸ்டியில தலைப்புக்குக் கீழே அதன் நீளத்துக்குக் கோடு போடணும்; தமிழ்த் தலைப்புக்கு "அடிக்கோடு குட்டை" என்று எச்சரிக்கை வருது, எடிட்டர்ல பார்த்தா கோடு சரியாத்தான் இருக்கு. எங்கிருந்து தொடங்குறது?

ஊவா_டெர்மினல்:
தம்பி, அட்டவணையை பான்டாக் கையில குடுக்காதீங்க. டொக்புக்ல கட்டத்தைக் கீழே நீட்டுற மோர்ரோஸ் 2 என்றால் அந்தக் கட்டம் மொத்தம் 3 வரிசைக்கு நீளும். கீழே உள்ள ரெண்டு வரிசையிலயும் ஒரு கட்டம் குறைவாத்தான் எழுதியிருக்கும். பழைய பான்டாக் பதிப்புகள் அதைக் கவனிக்காம எல்லாத்தையும் இடப்பக்கம் தள்ளிட்டு, கடைசியில வெற்றுக் கட்டம் போடும். நெஸ்டட் (மெய்நிகர் மெஷினுக்குள்ள இன்னொன்றை ஓட்டுறது) சோதனையில இன்டெல்லுக்கான கேவிஎம் மொட்யூல் "வை" என்ற எழுத்தைக் காட்டும், ஏஎம்டி மொட்யூல் 1 என்று காட்டும். நிரல் (நெடுக்கு வரிசை) ஒன்று நகர்ந்தா 1 போய் இன்டெல்லுக்குக் கீழே உட்காரும். சோதிக்கிற பிள்ளை, சரியா ஓடுற மெஷினைத் தோல்வி என்று எழுதும். பார்வைக்கு அட்டவணை அழகாத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

பைத்தன்ல எல்எக்ஸ்எம்எல் நூலகத்தை வச்சு எக்ஸ்எம்எல்லை நேரடியா வாசிங்க. மோர்ரோஸ் உள்ள கட்டத்தின் மதிப்பைக் கீழ்வரிசை ஒவ்வொன்றிலும் திரும்ப நிரப்பி சிஎஸ்வி கோப்பா எழுதுங்க. ஆர்எஸ்டியில சிஎஸ்வி-டேபிள் டைரக்டிவ் (ஆவணத்துக்குள்ள எழுதுற கட்டளை) அந்தக் கோப்பை எடுத்துக்கும். அட்டவணையைப் பட்டியலா எழுதுற லிஸ்ட்-டேபிள் இணைச்ச கட்டத்தை ஏத்துக்காது. லினக்ஸ் கெர்னல் ஆவணங்கள் 2016ல டொக்புக்கை விட்டு ஸ்ஃபிங்ஸுக்கு நகரத் தொடங்கினப்போ, அதுக்காகவே ஃப்ளாட்-டேபிள் என்று தனி டைரக்டிவ் எழுதினாங்க. உங்களுக்கு அது தேவையில்ல. எல்லா வரிசையும் நிரம்பியிருந்தாத் தேடுறதும் எளிது, கிட் டிஃப்ல (பழைய, புதிய பதிப்பை ஒப்பிடுறது) எந்த முடிவு மாறினது என்றும் ஒரே வரியில தெரியும்.

பதிப்பு எண்ணைப் பத்தி. செய்முறையில வாற எண்ணையும் முடிவில வாற எண்ணையும் பிரிச்சே ஆகணும். முடிவுக் கட்டத்தில எந்தப் பதிப்பில சோதிச்சீங்களோ அந்த எண் மட்டும் நிலையா இருக்கணும். அங்கே மாறியைப் போட்டா, அடுத்த தடவை எண்ணை உயர்த்தின உடனே பழைய முடிவெல்லாம் புதுப் பதிப்பில சோதிச்ச மாதிரி காட்டும். மெஷின் டைப்பும் (கெஸ்டுக்கு கியூஎமு காட்டுற மதர்போர்ட் வகை) அப்படித்தான். வெறும் கியூ35 என்று எழுதாதீங்க, அந்தந்த கியூஎமுவில உள்ள புதுசுக்கு அது திரும்பும். பிசி-கியூ35-6.2 என்று முழுசா எழுதுங்க.

செய்முறைக் கோப்புகள்ல என்டிட்டிக்குப் பதிலா குறியீடே இல்லாத ஒரு அடையாளச் சொல்லைப் போட்டுட்டு, பிறகு எக்ஸ்எம்எல்லின்ட் கருவியை நோஎன்ட் (மிச்ச என்டிட்டியை விரிக்கும்), எக்ஸ்இன்க்ளூட் (பிரிச்சு வச்ச கோப்புகளைச் சேர்க்கும்) தெரிவுகளோட ஓட்டுங்க. அதுக்கு அப்புறம் பான்டாக். கடைசியாத்தான் அடையாளச் சொல்லை ஆர்எஸ்டியின் செங்குத்துக் கோடு மாறியா மாத்தணும். முன்னாடியே கோடு போட்டா பான்டாக் அதுக்கு முன்னால பின்சாய்வைச் சேர்த்துடும்.

கட்டளைகளைக் காட்டுற கோட்-பிளாக் டைரக்டிவுக்குள்ள மாறி வேலை செய்யாது, பார்ஸ்ட்-லிட்டரல் டைரக்டிவ் வேணும். அதில இன்னொரு பொறி: நீண்ட கியூஎமு கட்டளையை மடிக்க வரி முடிவில போடுற பின்சாய்வை அது விழுங்கிடும். ரெண்டு பின்சாய்வா எழுதுங்க.

பனிமூட்டம்:
மார்க்டவுன் போதாதா? கத்துக்க எளிது.

ஊவா_டெர்மினல்:
சாதாரணக் குறிப்புக்குப் போதும். ஆனா மார்க்டவுன் அட்டவணையில ஒரு கட்டத்துக்குள்ள பல வரி வெளியீட்டை வைக்க முடியாது. இங்கே பாதி கட்டம் பிழைச்செய்திதான்.

நானுஓயா_அக்கா:
தமிழ்த் தலைப்புக்கு நான் சொல்கிறேன். எடிட்டர் எழுத்தை எண்ணுகிறது, ஸ்ஃபிங்ஸுக்குள் ஆர்எஸ்டியை வாசிக்கிற டொக்யூட்டில்ஸ் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. "விருந்தினர்" என்பது கண்ணுக்கு 6 எழுத்து, உள்ளே 11 குறி. புள்ளி இரண்டையும் மட்டும் அகலமில்லாதவை என்று கழித்துவிட்டு, இகர உகரக் குறிகளுக்கு இடம் கொடுத்து 9 என்று கணக்குப் பார்க்கும். கண்ணளவில் 6 கோடு போட்டால் எச்சரிக்கை வராமல் என்ன செய்யும்? தலைப்பு எதுவானாலும் 60 கோடு போட்டுவிடுங்கள், நீளம் கூடினால் தடையில்லை. கட்டக்கோடு வரைகிற கிரிட் அட்டவணையில் தமிழ் வேண்டவே வேண்டாம். அங்கே இதே கணக்கு பிழையாகி அட்டவணையே நொறுங்கும். சிஎஸ்வியில் இந்தப் பிரச்சினை கிடையாது.

இதைவிட முக்கியமானது ஐடி, அதாவது இணைப்பு கொடுக்கப் பயன்படும் தலைப்பின் அடையாளப் பெயர். தமிழ்த் தலைப்பிலிருந்து டொக்யூட்டில்ஸால் ஐடி உருவாக்க முடியாது, ஐடி1, ஐடி2 என்று வரிசைப்படி கொடுக்கும். நடுவில் ஒரு பகுதி சேர்த்தால் கீழே உள்ள எல்லா இணைப்பும் ஒரு படி நகரும். ஒவ்வொரு சோதனைத் தலைப்புக்கும் மேலே ஆங்கில எழுத்தில் லேபிள் எழுதுங்கள். அந்த லேபிள் ஐடி ஆகும்போது பெரிய எழுத்து சிறியதாகவும், அடிக்கோடு ஹைஃபனாகவும் மாறும். பழைய பிழை அறிக்கைகளில் உள்ள இணைப்புகளை அதற்கேற்பத் திருத்தவேண்டி வரும்.

ஹட்டன்_லேப்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. சிஎஸ்வி சரிவந்திருச்சு. இன்னொன்று: கெஸ்டை வேற ஹோஸ்டுக்கு மாத்துற விர்ஷ் மைக்ரேட் கட்டளையை எச்டிஎம்எல்லிலிருந்து கொப்பி பண்ணினா ஓடுதில்ல. பிடிஎஃப்ல தமிழும் வருதில்ல.

நானுஓயா_அக்கா:
கட்டளை சாதாரண வாக்கியத்துக்குள் இருக்கிறதா? மொழி அமைப்பு ஆங்கிலம் என்றிருந்தால் ஸ்ஃபிங்ஸ் --லைவ் என்பதன் இரண்டு ஹைஃபனையும் ஒரே நீளக் கோடாக்கிவிடும். கொன்ஃபிக் கோப்பில் இதைச் செய்கிற ஸ்மார்ட்கோட்ஸைப் பொய் (ஃபால்ஸ்) என்று வையுங்கள். கட்டளைக்கு இரு பக்கமும் இரட்டை பேக்டிக் (`` குறி) போடுங்கள்.

பிடிஎஃப்புக்கு, அதை ஆக்குகிற லேடெக்ஸ் எஞ்சினை ஸீலேடெக்ஸ் ஆக்கி, முதன்மை எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுங்கள். கட்டளைப் பெட்டிக்குள் தமிழ்க் குறிப்பு இருந்தால் வெளியே எடுங்கள், அங்கே பயன்படும் சம அகல எழுத்துருவில் தமிழ் கிடையாது, வெறும் கட்டமாக வரும்.

ஊவா_டெர்மினல்:
பழசை அழிக்க முதல், எக்ஸ்எம்எல்லில எத்தனை தேர்ச்சி, எத்தனை தோல்வி என்று கெஸ்ட் வாரியா எண்ணி, சிஎஸ்வியோட ஒப்பிடுங்க. மொத்தத்தை மட்டும் பார்த்தா நிரல் நகர்ந்தது தெரியாது. ஸ்ஃபிங்ஸ் பில்டை எச்சரிக்கையெல்லாம் பிழையா எடுக்கிற தெரிவோட ஓட்டுங்க, 8.1க்கு முந்தின ஸ்ஃபிங்ஸ் என்றா கீப்-கோயிங்கும் (முதல் பிழையில நிக்காம ஓடுறது) சேர்த்துப் போட்டா ஒரே ஓட்டத்தில முழுப் பட்டியலும் கிடைக்கும்.