வருமான வரி ரிட்டர்ன் போடாத வக்கீலின் சன்னது (தொழில் செய்யும் உரிமம்) போகுமா?

பாளை வக்கீல்:
11 வருஷமா சிவில் பிராக்டீஸ். அப்பா பக்கவாதத்தில் படுத்த 3 வருஷமும் நான் வருமான வரி ரிட்டர்ன் போடவில்லை. வாங்கிய ஃபீஸ் அத்தனையும் டைரியில் தேதி வாரியா இருக்கு. இப்போ நோட்டீஸ் வந்திருக்கு. கட்சிக்காரர் பணத்தைத் தொட்டதே இல்லை. வக்கீல்களைக் கண்காணிக்கும் பார் கவுன்சில் என் சன்னதில் கை வைக்குமா? ராத்திரி தூக்கமில்லை.

சீனியர்:
தம்பி, 1961 வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவைப் படிங்க. தொழில்சார்ந்த தவறு மட்டுமில்லை, ‘பிற தவறான நடத்தை’யும் அதில் உண்டு. கோர்ட்டுக்கு வெளியே நடப்பதும் உள்ளே வரலாம். ஆனால் தாமதத்துக்காக மட்டும் வக்கீல் பட்டியலில் இருந்து பெயரை நீக்கிவிட மாட்டாங்க. கவுன்சிலுக்கு முகாந்திரம் தெரிந்தால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். கண்டனம், தற்காலிகத் தடை, பெயர் நீக்கம்னு தண்டனை படிப்படியா இருக்கு. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு: நோட்டீஸுக்குப் பயந்து டைரியில் ஒரு வரியைத் திருத்தினாலும் அது மோசடி. தயவுசெய்து தொடாதீங்க.

ஆடிட்டர்:
வேண்டுமென்றே ரிட்டர்ன் போடாமல் விட்டால் 1961 வருமான வரிச் சட்டம் 276சிசி பிரிவில் கிரிமினல் வழக்கு வரலாம். அதனால் பதிலைத் தள்ளிப்போடாதீங்க. அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை இணைங்க. உங்க ஃபீஸில் கம்பெனிகள் அதே சட்டம் 194ஜே பிரிவில் முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்) 26ஏஎஸ் என்ற வரிக் கணக்கு அறிக்கையில் தெரியும், டைரியோடு ஒப்பிடுங்க. வருஷ ஃபீஸ் 50 லட்சத்துக்குள் என்றால் 44ஏடிஏ பிரிவுப்படி அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம்.

பாளை வக்கீல்:
நன்றி அண்ணாச்சி. டைரியை அப்படியே நாளைக்கு ஆடிட்டரிடம் கொடுக்கிறேன்.