ஹேம்குண்ட் ஏரி: கோவிந்த்காட்டிலிருந்து ஒரே நாளில் ஏறலாமா?

காந்தள்:
ஆகஸ்ட் முதல் வாரம் உத்தராகண்ட் மலையில் ஏரிக்கரையில் இருக்கும் சீக்கியர் குருத்வாராவான ஹேம்குண்ட் சாகிப் போகிறோம். கோவிந்த்காட்டில் விடிகாலை கிளம்பி, ஏரியைப் பார்த்துவிட்டு இரவு வழியிலுள்ள கங்காரியா கிராமத்துக்கு இறங்கிவிடலாம் என்று திட்டம். அம்மாவுக்கு 58 வயது, தினமும் 5 கி.மீ. நடப்பவர். சரிப்படுமா?

மலைநடை:
வேண்டாங்க. தூரத்தைவிட உயரம்தான் சிக்கல். கோவிந்த்காட் சுமார் 1,800 மீட்டர், ஏரி 4,300க்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். நம்மூர் நடைப்பழக்கம் காலுக்கு உதவும், ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்காது.

முதல் நாள் புல்னா வரை ஜீப், பிறகு சுமார் 10 கி.மீ. நடந்து கங்காரியாவில் (3,050 மீ.) தூங்குங்கள். மறுநாள் காலை 5 மணிக்கே கிளம்புங்கள். ஏரிக்கு 6 கி.மீ.தான், ஆனால் ஏற்றம் 1,200 மீட்டருக்கும் மேல். ஏற 4-5 மணி நேரம், இறங்க 3. மேலே இரவு தங்க முடியாது, பிற்பகலில் இறங்கச் சொல்லிவிடுவார்கள். தாமதமாகக் கிளம்புபவர்கள் அவசரமாக ஏறித்தான் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசிப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் குறுக்குவழியாகப் போகும். அம்மாவை அதில் ஏற்றாதீர்கள், வளைந்து போகும் குதிரைப் பாதையே நல்லது.

சாரல்:
ஆகஸ்ட் என்றால் மழை நிச்சயம். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியெஸ்டர் சட்டை, மேலே ஃபிளீஸ் (கம்பளி மாதிரியான செயற்கை இழைச் சட்டை), அதற்கு மேல் மழைக்கோட்டு. குருத்வாராவில் மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த சட்டையை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். லங்கரில் (குருத்வாராவின் இலவச உணவுக்கூடம்) சூடாகக் கிச்சடியும் டீயும் கிடைக்கும், சாப்பாட்டு மூட்டை சுமக்க வேண்டாம். கோவேறு கழுதை வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். உத்தராகண்ட் அரசின் இணையதளத்தில் பயணப் பதிவு கட்டாயம். ரிஷிகேஷ் சாலையில் மண்சரிவுக்கென்று ஒரு நாள் உபரியாக வையுங்கள். அந்த மாதத்தில் பிரம்ம கமலம் பூத்திருக்கும், பறிக்காதீர்கள்.

காந்தள்:
நன்றிங்க, கங்காரியாவில் தங்கிக்கொள்கிறோம். உயர நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை போடலாமா?

மலைநடை:
வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். விரல் நுனி மரத்தால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் விளைவு. தலைவலியோடு நடை தள்ளாடினால் மட்டும் ஏரி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் உடனே இறங்குங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.