புராஜெக்ட் வேலை கிளவுடுக்குப் போன பிறகு: உங்கள் அனுபவம் என்ன?

கோவை, கட்டுமானப் புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்

அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு சைட் ஓடும். கிளவுட், அதாவது கோப்பையும் சர்வரையும் இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினியில் வைத்துப் பயன்படுத்துவது, என்றாலே அது சாஃப்ட்வேர்காரர்கள் சமாச்சாரம் என்று எங்கள் துறையில் இன்னும் பல பேர் ஒதுங்கிப் போகிறார்கள். எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. நானே தொடங்குகிறேன், மற்ற துறைக்காரர்களும் எழுதுங்கள்.

பழைய டிராயிங் செய்கிற சேதத்தைக் கட்டுமானத்தில் வேறு எதுவும் செய்யாது. ஆர்க்கிடெக்ட் ஒன்று அனுப்புவார். அதைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் தன்னுடையதைத் திருத்துவார். அதற்குள் பிளம்பிங், எலக்ட்ரிக்கல் ஆட்கள் ஸ்லாபில் திறப்பு கேட்பார்கள், மறுபடியும் ரிவிஷன். பேஸ்மெண்ட் ஸ்லாப் ஒன்றுக்கே ஆர்0-வில் தொடங்கி ஆர்5, ஆர்6 வரை போகும். எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக வந்துகொண்டிருந்த காலத்தில், கம்பி கட்டுகிறவர் கையில் இருப்பது எந்த ரிவிஷன் என்று அலுவலகத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு சைட்டில் லிஃப்ட் சுவருக்கு ஆர்3 பார்த்துக் கம்பி கட்டி, ஒரு பக்கம் ஷட்டரிங்கும் அடித்து, ரெடிமிக்ஸுக்கு ஆர்டரும் சொல்லியாகிவிட்டது. ஆர்4-இல் கதவுத் திறப்பு வேறு பக்கம் போயிருந்தது. காங்கிரீட்டுக்கு முந்தைய சோதனைக்கு வந்த கன்சல்டன்ட் கண்ணில் பட்டதால் கம்பியைப் பிரித்துக் கட்டியதோடு போயிற்று. காங்கிரீட் விழுந்த பிறகு தெரிந்திருந்தால் சுவரை உடைத்திருக்க வேண்டும்.

இப்போது சைட்டுக்கு ஒரே ஒரு கிளவுட் ஃபோல்டர்தான். அதில் ஜிஎஃப்சி டிராயிங், அதாவது கட்டுவதற்கு ஒப்புதலானது மட்டும் இருக்கும். ஏற்றும் உரிமை டாக்குமென்ட் கண்ட்ரோலர் ஒருவருக்கு மட்டுமே. சைட்டில் உள்ளவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஒரு க்யூஆர் கோடு அச்சடித்து, அந்தந்தத் தளத்தில் மாடிப்படி அருகே ஒட்டியிருக்கிறோம். மேஸ்திரி போனைக் காட்டினால் அந்த நேரத்தில் செல்லுபடியாகும் ரிவிஷன் திறக்கும். புது ரிவிஷனைத் தனிக் கோப்பாகப் போடாமல் பழையதன் மேலேயே புதிய பதிப்பாக ஏற்றுவதால் லிங்க் மாறுவதில்லை, ஒட்டிய கோடும் மாறுவதில்லை.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் டிரைவில் பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாள் கழித்தோ, நூறு பதிப்பு சேர்ந்தாலோ நீங்கிவிடும். நிரந்தரமாக வைத்திரு என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்டால்தான் தங்கும். எங்கள் தொழிலில் பழைய ரிவிஷன் குப்பை அல்ல. ஆர்2 படி செய்த வேலையை ஆர்4-க்காக இடித்தோம் என்று எக்ஸ்ட்ரா பில் போடும்போது ஆர்2-வைக் காட்ட வேண்டும். அதனால் சைட்டின் கண்ணில் படாத தனி ஃபோல்டரில் எல்லா ரிவிஷனையும் தேதியோடு சேர்த்து வைக்கிறோம். அனுப்பிய நேரம் பதிவாகியிருப்பதால் கான்ட்ராக்டரோடு வரும் வாக்குவாதம் பாதியாகக் குறைந்துவிட்டது என்பேன். அளவுப் புத்தகம் மட்டும் இன்னும் காகிதத்தில்தான் எழுதுகிறோம், இரு தரப்பும் கையெழுத்துப் போட அதுதான் தோதாக இருக்கிறது.

சென்னை, மென்பொருள் புராஜெக்ட் மேனேஜர்

கோவை நண்பர் சொன்ன ரிவிஷன் பிரச்சினை எங்களுக்குப் பெரிதாக இல்லை. நிரல்களை வைத்திருக்கும் கருவிகளே அதைப் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு வலிப்பது கிளவுட் பில்.

முன்பு ஒரு டெஸ்ட் சர்வர் வேண்டுமென்றால் கொட்டேஷன் வாங்கி, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, மெஷின் வந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும். அமேசான் 2006-இல் மணிக்கணக்கு வாடகைக்குச் சர்வர் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது. இப்போது குழுவில் யார் வேண்டுமானாலும் சில நிமிடத்தில் ஒன்றைக் கிளப்பலாம். அட்டவணை போடுவது இதனால் எளிதானது, பட்ஜெட் போடுவது கடினமானது. முன்பெல்லாம் மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் செலவு நடக்கும். இப்போது செலவு நடந்து முடிந்த பிறகு மேனேஜருக்குத் தெரிகிறது.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். எங்கள் குழு டெஸ்ட் சர்வரைத் தொடுவது வேலை நாளில் 12 மணி நேரம், ஐந்து நாளைக்கு 60. மீதி 108 மணி நேரமும் யாரும் தொடாத சர்வருக்கு வாடகை ஓடுகிறது. இரவில் தானாக நிற்கவும் காலையில் தானாக எழவும் ஏற்பாடு செய்ததுதான் நான் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பலன் தந்தது. ஆனால் சர்வரை நிறுத்தினாலும் அதோடு இருக்கும் டிஸ்குக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அமேசானில் பொது ஐபி முகவரிக்கும், அதாவது இணையத்திலிருந்து சர்வரை அடைய உதவும் எண்ணுக்கும், 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட் கட்டணம், மாதம் 3.6 டாலர் ஆகிறது. ஒன்றுக்குச் சின்னத் தொகை. பழைய புராஜெக்ட் முகவரிகள் ஐம்பது அறுபது தங்கிவிட்டால் சின்னத் தொகை இல்லை.

எங்கள் விதி இதுதான்: புராஜெக்ட் பெயர், பொறுப்பாளர், முடியும் தேதி, இந்த மூன்று டேகும் (சர்வரோடு சேர்த்து வைக்கும் குறிப்பு) இல்லாத எந்தச் சர்வரும் வெள்ளிக்கிழமை நிறுத்தப்படும். அப்புறம், பட்ஜெட் எச்சரிக்கை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். நாமாக ஏற்பாடு செய்யாவிட்டால் அது மெயில் அனுப்புவதோடு சரி, எதையும் நிறுத்தாது.

ராமநாதபுரம், தொண்டு நிறுவனக் கள ஒருங்கிணைப்பாளர்

எங்கள் வேலை கண்மாய் சீரமைப்பு. ஊர் ஊராகப் போய் மடை, கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்), வரத்துக்கால் (நீர் வரும் கால்வாய்) என்ன நிலையில் இருக்கிறது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் எந்தக் கண்மாயில் முதலில் வேலை, எவ்வளவு மண் வேலை, எவ்வளவு பணம் என்று திட்டம் போடுவோம். கணக்கெடுப்பவர்கள் அந்தந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான். கரைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும், உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் நீர் நிற்கும் பகுதியில், இறங்கினால் அதுவும் இருக்காது.

இணையம் இல்லாத இடத்தில் கிளவுட் எதற்கு என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது கோபோடூல்பாக்ஸ். ஹார்வர்டின் மனிதநேயப் பணிப் பிரிவில் பிறந்தது, பேரிடர் நடந்த இடங்களில் கணக்கெடுக்க உலகம் முழுக்கப் பயன்படுகிறது. படிவம் போனிலேயே இருக்கும். படம், இருப்பிடப் புள்ளி எல்லாம் போனிலேயே சேமிப்பாகும். மாலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக ஏறிவிடும். காகிதப் படிவம் ஊரிலிருந்து வந்து தட்டச்சாகி முடிய முன்பு ஒரு மாதம் இழுக்கும். அதற்குள் மழை இறங்கிவிட்டால் அந்த வருஷ வேலை போயிற்று. எங்கள் பக்கம் வேலை செய்யக் கிடைப்பதே வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வறண்ட மாதங்கள்தான். கணக்கெடுப்பும் மதிப்பீடும் இப்போது அதே வாரத்தில் முடிகின்றன. எனக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு தெரியவில்லை.

பெண்கள் இதை எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். மடையின் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு மண்வெட்டியை நிறுத்தி வையுங்கள், அளவு தெரியும் என்ற யோசனை அவர்களுடையது. எங்கள் இன்ஜினியருக்கு அது அவ்வளவு உதவியாக இருந்தது.

கவலையும் உண்டு. படிவத்தில் குடும்ப விவரம், போன் எண் எல்லாம் வருகிறது. லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் அந்தப் பட்டியலை நன்கொடையாளருக்கு அனுப்பும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பி வீட்டு விவரம் சொன்ன அம்மாவின் எண் ஊர் பேர் தெரியாதவர் கைக்குப் போகலாமா? நாங்கள் ஆதார் எண்ணைக் கேட்பதே இல்லை. வெளியே போகும் அறிக்கையில் கண்மாய் எண்ணும் அளவும் மட்டும்தான் இருக்கும்.

திருச்சி, ஃபேப்ரிகேஷன் யூனிட் திட்டப் பிரிவு

ராமநாதபுரம் மேடம் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, அந்த விவரங்கள் ஏறும் கிளவுட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான்.

நாங்கள் பாய்லர் பாகங்கள் செய்து கொடுக்கிறோம். வெல்டிங் பதிவு, மில் டெஸ்ட் சான்றிதழ் (இரும்பு ஆலை தரும் தரச் சான்று), இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை எல்லாம் சேர்ந்தால்தான் சரக்கு வெளியே போகும். எங்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இந்தக் கோப்புகள் முழுக்க ஒரு பொறியாளரின் சொந்த ஜிமெயில் டிரைவில் இருந்தன. அவர் வளைகுடா வேலைக்குப் போய்விட்டார். கடவுச்சொல் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார், நல்ல மனிதர். ஆனால் ஓடிபி அவருடைய பழைய எண்ணுக்குப் போகிறது, அந்த எண் இப்போது உயிரோடு இல்லை. சரக்கு லாரியில் ஏற்றத் தயார், சான்றிதழ் திறக்கவில்லை. அவரைப் பிடித்துத் திறக்கும் வரை சரக்கு யார்டிலேயே கிடந்தது.

கூகுளின் நிறுவனக் கணக்கில் ஷேர்டு டிரைவ் என்று தனியாக இருக்கிறது. அதில் போடும் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் கோப்பு இருக்கும். ஆளின் தனி டிரைவில் இருந்தால் கதை வேறு. வேலையை விட்டவரின் கணக்கை நிர்வாகி நீக்கிவிட்டால் அதை மீட்க 20 நாள்தான் அவகாசம். கோப்புகளை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் கணக்கில் கை வைக்க வேண்டும். இலவச ஜிமெயில் என்றால் இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கைக் கூகுளே நீக்கலாம், 2023 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்த சரக்கின் ஆவணம் அப்படிப்பட்ட கணக்கில் இருக்கலாமா என்று யோசியுங்கள்.

யாழ்ப்பாணம், செயற்றிட்ட அலுவலர்

வாழ்வாதாரச் செயற்றிட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2022 மார்ச் இறுதியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அலுவலகக் கணினிகளைப் போட முடியாது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. எங்கள் பயனாளிகள் பட்டியலும் கொடுப்பனவு விவரமும் கிளவுடில் இருந்ததால், மின்சாரம் இருக்கிற நேரத்தில் அவரவர் வீட்டிலிருந்தும் கைத்தொலைபேசியிலும் வேலையை இழுத்துக்கொண்டு போனோம். கொடுப்பனவு எதுவும் நிற்கவில்லை. அந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அடுத்த வருடமே மறுபக்கத்தையும் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் மீது ரான்சம்வேர் தாக்குதல், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல், நடந்தது. அரச அலுவலகங்களின் மின்னஞ்சலில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையானவை மீட்க முடியாமற் போயின. பேக்அப் இருந்த இடமும் சேர்ந்து பாதிக்கப்பட்டதுதான் காரணம். தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் தேஜோன் அரச தரவு மையம் எரிந்தபோது, அரச ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த டிரைவில் 858 டெராபைட் போயிற்று. அதற்கு வேறிடத்தில் நகலே இருக்கவில்லை. இவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே இது நடந்திருக்கிறது.

நாங்கள் மாதம் ஒருமுறை முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இறக்கி, அதை வேறு கட்டடத்தில் வைக்கிறோம். இறக்கியதும் கணினியிலிருந்து கழற்றிவிடுவோம். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

கோவை, கட்டுமானப் புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்

யாழ்ப்பாண நண்பருக்கு நன்றி. கோப்புகளை இறக்கி வைக்கலாம், புரிகிறது. வேலைகளையும் கெடு தேதிகளையும் ஒரு டாஸ்க் போர்டில் வைத்திருக்கிறோம், அதை எப்படி இறக்குவது?

சென்னை, மென்பொருள் புராஜெக்ட் மேனேஜர்

பெரும்பாலான போர்டுகளில் சிஎஸ்வி ஆக, அதாவது எக்செல்லில் திறக்கும் எளிய பட்டியலாக, இறக்கும் வசதி இருக்கும். வேலையின் பெயர், பொறுப்பாளர், தேதி வந்துவிடும். இணைப்புக் கோப்புகள் பொதுவாக வராது, லிங்க் மட்டும் வரும். ஆகவே முக்கியமான எதையும் போர்டில் அந்த வேலைக்குரிய கார்டில் மட்டும் இணைக்காமல் உங்கள் ஃபோல்டரில் போட்டு, கார்டில் லிங்க் கொடுங்கள்.

இது தேவையா என்று கேட்பவர்களுக்கு 2022 ஏப்ரலைச் சொல்வேன். ஜிரா (டாஸ்க் போர்டு), கான்ஃப்ளுவன்ஸ் (ஆவணத் தளம்) நடத்தும் அட்லாசியனில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சிறு நிரல், தவறான அடையாள எண்களோடு ஓடி, 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் நீங்கிவிட்டன. சிலருக்குத் திரும்பி வர 14 நாள் ஆனது. நிறுவனத்திடம் பேக்அப் இருந்தது, தரவும் கிட்டத்தட்ட முழுதாக வந்துவிட்டது. ஆனால் கையில் எந்த நகலும் இல்லாமல் இரண்டு வாரம் புராஜெக்ட் நடத்துவதை நினைத்துப் பாருங்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கும் கூகுள் கிளவுடில் இப்படி ஒன்று நடந்தது, அவர்களுக்கென்று அங்கே இருந்த தனிக் கிளவுட் நீங்கிவிட்டது. அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் பேக்அப் வைத்திருந்தது மீண்டு வரக் கைகொடுத்தது.

யாழ்ப்பாணம், செயற்றிட்ட அலுவலர்

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இறக்கி வைத்ததைத் திறந்தும் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு மடிக்கணினியில், அந்த வேலையோடு சம்பந்தமில்லாத ஒருவரைத் திறக்கச் சொல்லுவோம். போனமுறை பயனாளிகள் பட்டியல் திறந்தது, கொடுப்பனவுத் தாளும் திறந்தது. கிணறு திருத்தும் வேலையின் வரைபடங்கள் திறக்கவில்லை, அந்தக் கணினியில் வரைபட மென்பொருளான ஆட்டோகேட் இல்லை. இப்போது ஒவ்வொரு வரைபடத்தோடும் ஒரு பிடிஎஃப் நகலும் வைக்கிறோம். உங்கள் டிராயிங்குகளுக்கும் அப்படிச் செய்வது நல்லது, அண்ணை.

கோவை, கட்டுமானப் புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்

எங்களிடம் தலைகீழ் நிலைமை. பிடிஎஃப் எல்லாம் எங்களிடம் இருக்கிறது, மூல ஆட்டோகேட் கோப்புகள் ஆர்க்கிடெக்ட் கணக்கில் மட்டும்தான் இருக்கின்றன. அடுத்த ஒப்பந்தத்தில் அதையும் எங்கள் ஃபோல்டரில் ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லப் போகிறேன். இப்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அந்த வரியை எப்படி எழுதினீர்கள் என்று பகிருங்கள்.