ஹகிரி (ஜப்பானிய வாளின் வெட்டுவிளிம்பில் விழும் குறுக்கு விரிசல்) கண்ணில் பட்ட வாள்கள்: பார்த்ததைச் சொல்லுங்க

கூர்முனை:
டோக்கியோவில் ஒரு விற்பனைக் கண்காட்சி. முரோமாச்சி ஆட்சியின் கடைசிக்காலத்து, பிசென் வட்டாரத்து வாகிசாஷி (குட்டை வாள்), புதுப் பாலிஷ், ஹமோன் (விளிம்பையொட்டிக் கடினப்பட்ட எஃகின் எல்லைக்கோடு) பளிச்சென்று இருந்தது. கடைக்காரர் துருப்பிடிக்காமல் பூசும் சோஜி (கிராம்பு) எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துத்தான் நீட்டினார். கொஞ்ச நேரத்தில் மோனோஉச்சி பகுதியில் (முனைக்குச் சற்றுக் கீழே, வெட்டப் பயன்படும் பகுதி), விளிம்புக்குச் செங்குத்தாக, மயிரிழைக் கோடு ஒன்றில் எண்ணெய் ஊறி நின்றது. திருப்பினால் மறுபக்கமும் அதே இடத்தில் அதே கோடு. விலைச்சீட்டில் ‘லேசான கீறல்’ என்று போட்டிருந்தார்கள். கீறலில் எண்ணெய் ஊறுமா?

சாணைக்கல்:
எண்ணெய் ஊறினாலே ஹகிரி என்று முடிவு கட்டாதீங்க. வாரேயிலும் ஊறும். அது மடித்து அடிக்கும்போது சரியாக ஒட்டாத இடம். ஹாதா (எஃகை மடித்ததால் வரும் இழைவரி) ஓடுகிற போக்கிலேயே நீளவாட்டில் போகும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ஹகிரி விளிம்பில் பிறந்து கடினப்பட்ட எஃகுக்குள் ஏறும். ஷினாயேயும் குறுக்கேதான் போகும், ஆனால் வளைந்த வாளை நிமிர்த்தியதால் ஜியில் (ஹமோனுக்கு மேலுள்ள வாள்பரப்பில்) விழுந்த சுருக்கம் அது, விளிம்பைத் தொடாது. அறையை இருட்டாக்கி ஒரே ஒரு குண்டு பல்பு வையுங்க. வாள்முனையை விளக்குப் பக்கம் நீட்டி, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்க. பாலிஷ் கீறல் ஒரு கோணத்தில் மறையும். விரிசல் எந்தக் கோணத்திலும் கறுப்பாகவே நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். நகத்தால் தடவிப் பார்ப்பவர்கள் தயவுசெய்து வாள் பக்கம் வராதீங்க, கைவியர்வையில் துருதான் மிச்சம். ஹபாக்கியை (வாளின் அடியில் மாட்டும் உலோகப் பட்டை) கழற்றச் சொல்லுங்க. கழற்ற மறுத்தால் வாளைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்க.

தமஹகானே:
ஹபாக்கி கழன்றதும் ஹமாச்சியிலிருந்து (விளிம்பு தொடங்கும் அடிப்பள்ளத்திலிருந்து) சாய்வாக மேலேறும் மங்கல் பட்டை, அதாவது மிசுகாகே. தீயில் பட்டு மறுபடி நீரில் தோய்த்த வாள், சந்தேகமே இல்லை. நான் பார்த்த கட்டானாவில் (நீள வாள்) விலை பேசியதே அங்கே முடிந்தது.

சாணைக்கல்:
அதெப்படி சந்தேகமே இல்லை? ஹோரிகாவா குனிஹிரோ என்ற வாள்கொல்லரின் வாள்களில், மறுதோய்ப்பே இல்லாமல் மிசுகாகே வரும். அதை மட்டும் வைத்துத் தள்ளினால் நல்ல வாள்தான் கைநழுவும். நாகாகோவையும் (கைப்பிடிக்குள் போகும் அடிப்பகுதி) பாருங்க. தீயில் வெந்திருந்தால் பழைய துருவின் நிறம் போய், தோல் உரிந்தாற்போலச் சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் பேசலாம்.

பழைய இரும்பு:
நான் பார்த்தது கராசு-நோ-குச்சி. கிசாக்கியில் (வாள்முனையில்) போஷியை (முனைக்குள் ஓடும் ஹமோனை) ஒட்டிப் பிறைபோல வளைந்த விரிசல். ‘பாலிஷ் போட்டால் போய்விடும்’ என்றார் விற்றவர். எப்படிப் போகும்? விரிசல் மறையும்வரை தேய்த்தால் போஷியே மிஞ்சாது. ஹகிரிக்கும் அதே கணக்கு. அதை உமெகானே (வாளில் பதிக்கும் ஒட்டுத்துண்டு) வைத்தும் அடைக்க முடியாது. ஜியில் இருக்கும் ஓட்டைக்குத்தான் அந்த ஒட்டு. ஒட்டைக் கண்டுபிடிப்பதும் பெரிய காரியமில்லை: ஓடிவரும் ஹாதா ஒரு சின்னச் சதுரத்தின் ஓரத்தில் பட்டென்று அறுந்து நிற்கும்.

கூர்முனை:
ஹதோரி பாலிஷையும் (ஹமோன் பகுதியைத் தேய்த்து வெள்ளையாக்குவது) சேர்த்துக்கொள்ளுங்க. வெள்ளையாக ஏற்றிவிட்ட பகுதிக்கு அடியில் நியோய் (ஹமோனின் பனிப்படலம் போன்ற கோடு) அறுந்திருந்தால் நேர்வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அந்த வாகிசாஷியிலும் கோட்டுக்கு மேலே வெள்ளை கொஞ்சம் தடிப்பாகத்தான் இருந்தது.