மெட்டாரைசியம் பை பச்சைப் பசேல், ஆனால் எருக்குழிப் புழு சாகவில்லை. உதவுங்கள்

குன்றக்குடி தென்னை: வணக்கம். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில்தான் வளரும். அதைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தை நானே பையில் அரிசி போட்டு வளர்க்கிறேன். தை மாதப் பையைப் போட்டபோது எருக்குழிப் புழுக்கள் விறைத்து, முதலில் வெள்ளையும் பிறகு பச்சையும் பூத்துக் கிடந்தன. பங்குனிப் பை பார்வைக்கு அதைவிட நல்ல பச்சை. சீக்கிரம் பரவட்டும் என்று வெல்லப்பாகும் சேர்த்திருந்தேன். போட்டு ஒரு மாதம் ஆகிறது, புழு கொழுகொழுவென்று நெளிகிறது. வளர்த்தது தகரக் கொட்டகையில், உலர்த்தியது மொட்டை மாடி வெயிலில். எங்கே தப்பு?

தேவகோட்டை விவசாயி: குழியில் ஈரம் இருந்ததா அண்ணே? காய்ந்த எருவில் பூஞ்சாண வித்து (அது பரவும் நுண்ணிய தூள்) முளைக்காதே.

குன்றக்குடி தென்னை: இருந்தது தம்பி. அடிக்கடி தண்ணீர் தெளித்தேன்.

பூஞ்சாண ஆய்வகத்தில் இருந்தவன்: அப்படியானால் வித்தைத்தான் பார்க்க வேண்டும். பச்சை நிறம் வித்து உண்டாகியிருப்பதைக் காட்டும், அதற்கு உயிர் இருக்கிறதா என்று காட்டாது. இதற்கு 25 முதல் 28 டிகிரி வாகு. 35ஐத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் வளராது. பங்குனியில் தகரத்தின் கீழ் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போதாததற்குப் பூஞ்சாணம் வளரும்போது தானும் சூட்டை வெளிவிடும். பைகளை அடுக்கியிருந்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஒரு பையைப் பிளந்து பாருங்கள். ஓரம் பச்சை, நடு அரிசி கட்டிதட்டி வெளுப்பாக இருந்தால் காற்றும் போகவில்லை என்று அர்த்தம்.

வெல்லப்பாகு வேண்டாம், அது கரிச்சத்தைத்தான் (கார்பன்) கூட்டும். களையைக் கொல்லும் கொலிட்டோட்ரைக்கம் ட்ரங்கேட்டம் பூஞ்சாணத்தில் பார்த்திருக்கிறார்கள்: கரிச்சத்து, தழைச்சத்து (நைட்ரஜன்) விகிதம் 80:1 இருந்த வளர்ப்பு ஊடகத்தைவிட 10:1 ஊடகத்தில் வந்த வித்துதான் வேகமாக முளைத்தது, களையையும் நன்றாகத் தாக்கியது. மெட்டாரைசியத்துக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இனிப்பைக் கூட்டினால் தரம் கூடும் என்று நம்பாதீர்கள்.

வெயிலில் உலர்த்தியதுதான் எனக்குப் பெரிய வருத்தம். புற ஊதாக் கதிர் வித்தைக் கொன்றுவிடும். நிழலில், காற்றோட்டத்தில் மெல்ல உலர்த்துங்கள்.

தாய் வித்து, அதாவது பையில் முதலில் விதைக்கும் பூஞ்சாணம், எத்தனை முறை மாற்றி மாற்றி வளர்த்தது?

குன்றக்குடி தென்னை: இரண்டு வருடமாக அதே தாய் வித்துதான். பையைப் பிளந்தேன், நீங்கள் சொன்னபடியே நடுவில் வெள்ளைக் கட்டி.

பூஞ்சாண ஆய்வகத்தில் இருந்தவன்: புழுவில் ஏற்றாமல் ஆய்வகத் தட்டிலேயே திரும்பத் திரும்ப வளர்த்தால் வீரியம் குறையும். தையில் செத்த புழு ஏதாவது பத்திரமாக இருந்தால் அதிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த பையைக் குழியில் போடுமுன் சிறிது வித்தை அகார் தட்டில் (பூஞ்சாணம் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) தடவி, ஒரு நாள் கழித்து நுண்ணோக்கியில் நூறு எண்ணிப் பாருங்கள். முளைக்குழல் விட்டது எத்தனை என்பதுதான் கணக்கு.

தேவகோட்டை விவசாயி: அண்ணே, பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் (உள்பக்கம்) ஓர் அறை கிடைத்தால் விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர், தடிமன். நாங்கள் சித்திரையிலும் அங்கேதான் வளர்க்கிறோம், பைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல்.

குன்றக்குடி தென்னை: ஆச்சி வீட்டு உள்ளறைக்கு மாற்றி, பாகு இல்லாமல், புது வித்தில் வளர்த்தேன். நிழலில் உலர்த்திப் போட்டு மூன்று வாரம். இன்று காலை குழியைக் கிளறினேன். ஏழு புழுவில் மூன்று விறைத்துக் கிடக்கின்றன. ஒன்றின் கழுத்தருகே பச்சை பூக்க ஆரம்பித்திருக்கிறது.