ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு 6ஆம் நாள்: இடப்பக்கம் இழுத்துப் பிடிக்குது, தோள்வலி, தலைசுத்தல். எதுக்குப் பயப்படணும்?

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு (திங்கள் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 38 வயசு. எடை குறையுறதுக்கு, இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷனை பெங்களூருல பண்ணிட்டு வந்து இன்னிக்கு 6ஆம் நாள். லேப்ராஸ்கோப்பிதான், வயித்துல 5 துளை. 3ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

தொப்புளுக்கு இடப்பக்கம் இருக்குற துளையில, எந்திரிக்கும்போது உள்ளே யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி இருக்கு. சும்மா படுத்திருந்தா ஒண்ணும் இல்ல. ரெண்டு தோள்லயும் ஒரு குடைச்சல், ஆபரேஷன் அன்னிக்கே ஆரம்பிச்சது. இன்னிக்குக் காலையில பாத்ரூம் போக எந்திரிச்சப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்து செவுத்தைப் புடிச்சு நின்னேன்.

பெரிய துளியா தண்ணி குடிச்சா நெஞ்சு அடைக்குது, அதனால குடிக்கவே பயமா இருக்கு. அத்தை, "கூழு கூட இல்லாம எப்படி உடம்பு தேறும்"னு அழுகுறாங்க. அவங்க பாசத்துல சொல்றாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வீட்டுக்காரர் மாங்கூழ் ஃபேக்டரியில வேலை. சீசன் நேரம், லீவு கிடைக்கல. ராத்திரியில ரொம்பப் பயமா இருக்கு. இதைத் தாண்டி வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஊத்தங்கரை வாசகர்

வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரை ஒண்ணு போடுங்க சிஸ்டர், எங்க அப்பாவுக்கு முட்டிவலிக்கு அதான் கேட்டுச்சு.

மருந்துக்கடைக்காரர்

ஐயா, தயவுசெஞ்சு அந்த மாத்திரை வேண்டாம். தங்கச்சி, இதை முதல்ல படிங்க. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக், இந்த வகை வலி மாத்திரையெல்லாம் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். உங்க இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல எடுத்துட்டு, மிச்சத்தை நீளமா ஸ்டேப்பிள் போட்டு மூடியிருக்காங்க. அது ஆறிட்டு இருக்குற நேரம் இது. இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோட இணைக்குற பைபாஸ் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இந்த மாத்திரைங்க இன்னும் ஆபத்து. எங்க ஊர்ல எந்தக் கடையில போய் "உடம்பு வலி"ன்னு கேட்டாலும் சீட்டு இல்லாமலே நாலு மாத்திரை கட்டிக் குடுக்குறாங்க, அதுல இந்த வகை ஒண்ணு கண்டிப்பா இருக்கும். கடைக்காரனா இருந்துதான் சொல்றேன், இனிமே எந்த மருந்துக்கடைக்குப் போனாலும், பல் டாக்டர்கிட்ட போனாலும், வாயைத் திறந்ததும் "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆயிருக்கு"ன்னு சொல்லிடுங்க.

வலிக்கு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தது பாராசிட்டமாலாத்தான் இருக்கும். அவங்க சொன்ன அளவு, சொன்ன நேரம். வயித்து அமிலத்தைக் குறைக்க, காலையில வெறும் வயித்துல போடுற பான்டோபிரசோலை வலி இல்லைன்னு நிறுத்திடாதீங்க.

வார்டு சிஸ்டர், தர்மபுரி

தங்கச்சி, நான் சர்ஜரி வார்டுல நர்ஸ். நேர்ல பார்க்காம நான் உறுதி குடுக்க முடியாது, ஆனா என்ன பார்க்கணும்னு சொல்லித் தர்றேன்.

தோள்வலியோட காரணம் தோள்ல இல்ல. ஆபரேஷன்ல வயித்தை உப்ப வைக்க கரியமில வாயு அடைப்பாங்க. அது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானத் தசையை உறுத்தும். அந்தத் தசைக்குப் போற நரம்பும் தோள்பட்டைக்குப் போற நரம்பும் கழுத்துல ஒரே இடத்துல இருந்துதான் வருது, அதனால மூளைக்குத் தோள் வலிக்குற மாதிரி தெரியும். நடக்க நடக்கக் குறையும்.

இடப்பக்கம் இழுக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு. துளைகள்ல ஒண்ணு மத்ததை விடப் பெருசா இருக்கும், வெட்டுன இரைப்பையை வெளியே எடுக்குறது அது வழியாத்தான். அங்கே தசை கிழிபட்டிருக்கும், தையலும் ஆழமா இருக்கும். அசையும்போது மட்டும் வலிச்சு, படுத்தா அடங்குதுன்னா அது பெரும்பாலும் தசைவலி.

இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. தோள்வலி 2ஆம் நாளை விடக் குறைஞ்சிருக்கா? ஜுரம் பார்த்தீங்களா? அசையாம 5 நிமிஷம் உக்காந்துட்டு, மணிக்கட்டுல விரல் வச்சு ஒரு முழு நிமிஷம் நாடி எண்ணுங்க, எவ்வளவு? மூத்திரம் என்ன நிறம்? பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை ஏதாச்சும் ஆபரேஷனுக்கு முன்னால இருந்து போடுறீங்களா?

நாடி கேட்டதுக்குக் காரணம், இரைப்பையில ஸ்டேப்பிள் போட்ட வரிசையில கசிவு வந்தா வலியை விட நாடிதான் பல நேரம் முதல்ல காட்டிக் குடுக்கும். சும்மா இருக்கும்போதே 100-க்கு மேல நின்னா ஆபரேஷன் பண்ண இடத்துக்கு உடனே போன். 120-ஐத் தொட்டா, இல்ல ஜுரம் 100.4-ஐத் தாண்டினா, மூச்சு வாங்கினா, வயித்துவலி மணிக்கு மணி ஏறுனா, போன தோள்வலி புதுசா திரும்ப வந்தா, காலையில பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்க. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அப்படித்தான், ரத்தக்கட்டியா இருக்கலாம். ஆஸ்பத்திரியில போன உடனே "ஸ்லீவ் பண்ணி இத்தனாவது நாள்"னு சொல்லணும். டிஸ்சார்ஜ் சீட்டைத் தலைமாட்டுலயே வையுங்க.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு

அக்கா, இப்பதான் எண்ணிப் பார்த்தேன், 88. ஜுரம் இல்ல, 98.4. தோள்வலி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. மூத்திரம் கடுக்காய்த் தண்ணி மாதிரி இருக்கு. பிரஷருக்குப் பழைய மாத்திரையவே தினமும் போட்டுட்டு இருக்கேன், நீர் பிரியுற மருந்தும் சேர்ந்த மாத்திரை அது.

வார்டு சிஸ்டர், தர்மபுரி

அங்கேதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. உள்ளே போற தண்ணி குறைஞ்சு போச்சு, மாத்திரை இருக்குற தண்ணியையும் இழுத்து வெளியே விடுது. கண்ணு இருட்டுறதுக்கு அது காரணமா இருக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டு "மூத்திரம் அடர்த்தியா இருக்கு, எந்திரிச்சா மயக்கம், இந்த மாத்திரை போடுறேன்"னு மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. சுகர் மாத்திரை போடுறவங்களும் இதைக் கவனிக்கணும், சாப்பாடு இல்லாத நேரத்துல பழைய அளவே போட்டா சர்க்கரை தாழ்ந்துரும்.

பாலக்கோட்டு அக்கா

கண்ணு, நான் இதே ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. நீ எழுதுனதைப் படிச்சதும் எனக்கு அந்த ராத்திரிங்க ஞாபகம் வந்துருச்சு. எங்க வீட்டுல அனுபவத்துல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

தரையில பாய் போட்டுப் படுக்காத. தரையில இருந்து எந்திரிக்க வயித்துத் தசைதான் மொத்த பாரத்தையும் தூக்கும். கட்டில் இல்லைன்னா பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கு. எந்திரிக்கும்போது நேரா நிமிராத. முதல்ல ஒருக்களிச்சுப் படு, முட்டியை மடக்கு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்க விட்டுக்கிட்டே கையை ஊனி மேல வா. உன் இழுப்பு பாதி இதுலயே போயிரும். தலைமாட்டுல மூணு தலகாணி அடுக்கிச் சாஞ்ச மாதிரி படுத்தா நெஞ்செரிச்சலும் குறையும்.

ஒரு சின்னத் தலகாணி எப்பவும் கைக்கெட்டுற இடத்துல இருக்கட்டும். இருமல், தும்மல் வந்தா அதை வயித்தோட சேர்த்து அமுக்கிப் புடிச்சுக்க. அத்தை மிளகாய் தாளிக்கும்போது நீ சமையக்கட்டுக்குள்ள இருக்காத. எனக்கு 5ஆம் நாள் அந்த நெடியில வந்த ஒரே ஒரு இருமலுக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு.

எங்க வீட்டுல குந்தி உக்காந்து போற பழைய கக்கூஸுதான். குந்தவும் முடியல, எந்திரிக்கவும் முடியல. நடுவுல ஓட்டை இருக்குற பிளாஸ்டிக் சேர் ஒண்ணு வாங்கிப் போட்ட பிறகுதான் நிம்மதி. முக்காத, மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்கு.

தண்ணிக்கு ஒரு வழி சொல்றேன். இருமல் மருந்து பாட்டில் மேல இருக்குமே, கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி, பொதுவா 10 மில்லி புடிக்கும். அதை நல்லா கழுவி வச்சுக்க. ஒரு மூடியை ரெண்டு வாயா உறிஞ்சு, அஞ்சு நிமிஷம் விடு, அடுத்த மூடி. டம்ளரைத் தூக்காத, டம்ளரைப் பார்த்தாலே கை பழைய பழக்கத்துல கவுத்துரும். ஸ்ட்ரா வேண்டாம், சோடா வேண்டாம். ஒண்ணரை லிட்டர் உடனே வராது, நாளுக்கு நாள் ஏறும்.

கூழ் விஷயம். நம்ம ஊர்ல களியை யாராச்சும் மெல்லுறமா? உருட்டிக் குழம்புல தோய்ச்சு முழுங்குறதுதானே பழக்கம். இந்த வயித்துக்கு அது நேர் எதிர். கட்டியா உருண்டையா உள்ளே போனா அடைச்சுக்கிட்டு வாந்திதான். அத்தைகிட்ட "களி வேண்டாம்"னு சொல்லாத, "டாக்டர் இப்ப தண்ணிச் சாப்பாடு சொல்லியிருக்காரு, ரெண்டு வாரம் கழிச்சுக் கூழ் மாதிரி, அதுக்கப்புறம் மெல்ல மத்தது"ன்னு சொல்லு. அவங்களுக்கு ஒரு வேலை குடு. எங்க அத்தை தினமும் மோரைக் கடைஞ்சு துணியில வடிகட்டிக் குடுத்தாங்க, அவங்க மனசும் ஆறுச்சு.

பருப்புத் தண்ணி குடிச்சா புரதம் வந்துரும்னு நானும் நினைச்சேன். மேலாப்புல வடிச்ச தண்ணியில புரதம் ரொம்பக் கம்மி. ஒரு நாளைக்கு 60 கிராமாச்சும் வேணும்னாங்க, அது புரதப் பவுடரைப் பால்ல கலக்காம வரல. மாங்கூழ் ஜூஸ் வீட்டுல நிறைய இருக்கும், அதுல இருக்குறது சர்க்கரைதான், இப்ப வேண்டாம்.

"வாயைக் கட்டத் தெரியாதவ ஆபரேஷன் பண்ணிக்கிட்டா"ன்னு ஒரு கல்யாணத்துல என் காதுபடவே சொன்னாங்க. ஆபரேஷனுக்கு முன்னால எனக்கு மூச்சுத் திணறி ராத்திரி உக்காந்தே தூங்குனது அவங்களுக்குத் தெரியாது. உன்னை யாராச்சும் அப்படிச் சொன்னா இங்கே வந்து எழுது.

பர்கூர் தம்பி

எனக்கும் தோள்வலி இருந்துச்சு அக்கா. 8ஆம் நாள் சுத்தமா போயிருச்சு. வாசல்ல இருந்து முக்கு வரைக்கும் ஒரு நாளைக்கு ஆறு தடவை நடந்தேன்.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு (வியாழன்)

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புடுறேன். அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணேன். பிரஷர் எவ்வளவுன்னு கேட்டாங்க, பக்கத்துத் தெரு கிளினிக்ல பார்த்தா 98/64. அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தினமும் ரெண்டு வேளை பிரஷர் எழுதி அனுப்பச் சொல்லியிருக்காங்க. நேத்து இருந்து கண்ணு இருட்டல. மூடியால எண்ணிப் பார்த்ததுல நேத்து 900 மில்லி.

ஒருக்களிச்சு எந்திரிக்குறது ரொம்ப உதவுது. நேத்து சாயங்காலம் மட்டும் ஒரு தடவை வாந்தி வந்துச்சு, மோரை அவசரமா குடிச்சுட்டேன். அதுக்கு என்ன பண்ணணும்?

வார்டு சிஸ்டர், தர்மபுரி

அவசரத்துல ஒரு தடவை வந்துச்சுன்னா பயம் இல்ல. ஒரு மணி நேரம் வயித்துக்கு ஓய்வு குடுத்துட்டு, திரும்ப ஒரு மூடியில இருந்து ஆரம்பிங்க. தொடர்ந்து எது குடிச்சாலும் வாந்தின்னா வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க. தயமின்ங்குற பி1 சத்து சீக்கிரம் தீர்ந்துரும். பார்வை ரெண்டா தெரியுறது, நடை தள்ளாடுறது, கால் மரத்துப் போறதுன்னு போய் நிக்கும், அதுக்கு ஊசி உடனே வேணும். விட்டமின் மாத்திரைங்க உங்களுக்கு ஆயுசுக்கும் உண்டு, தங்கச்சி. மூணு நாலு மாசத்துல முடி கொட்ட ஆரம்பிக்கலாம், அப்ப பயந்துக்காதீங்க, புரதம் சரியா போனா திரும்ப வளரும். 5 கிலோவுக்கு மேல எதையும் ஒரு மாசத்துக்குத் தூக்காதீங்க, தண்ணிக்குடம் உட்பட.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு

சரிங்க அக்கா. குடத்தை வீட்டுக்காரர் எடுத்துட்டாரு. சனிக்கிழமை தையல் காட்ட பெங்களூரு போறோம், நடுவுல ஒசூர்ல வண்டியை நிறுத்தி நடக்கப் போறேன். வந்து எழுதுறேன்.